டிரில் போட்டால் விளக்கு மங்குவது ஏன்? ‘லோ வோல்டேஜ்’ என்று கடந்துபோகக் கூடாத எச்சரிக்கை

ஞாயிற்றுக்கிழமை காலை. ஃபிளாட்டில் கப்போர்டு வேலை நடக்கிறது. கார்பென்டர் கட்டிங் மெஷினை ஆன் செய்கிறார். ஹாலில் விளக்கு ஒருமுறை சிமிட்டுகிறது. பிளேடு மரத்துக்குள் இறங்க இறங்க வெளிச்சம் குறைகிறது, ஃபேனும் சோர்ந்துபோகிறது. மெஷினை நிறுத்தியதும் எல்லாம் பழையபடி.

“இந்த ஏரியாவுல லோ வோல்டேஜ் போல சார்” என்கிறார் கார்பென்டர். வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டு டீ வாங்கக் கிளம்பிவிடுகிறார். விஷயம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

முடியக் கூடாத இடம் அதுதான். மெஷின் ஓடும்போது விளக்கு மங்குவது பல வீடுகளில் சாதாரண விஷயமாக இருக்கலாம். சில வீடுகளில் அது சுவருக்குள் ஒரு ஒயர் சூடாகிக்கொண்டிருப்பதற்கான ஒரே அறிகுறி. இரண்டையும் பிரித்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்காமல் ‘லோ வோல்டேஜ்’ என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் மூடிவைப்பதுதான் ஆபத்து.

என்னதான் நடக்கிறது?

மாடித் தொட்டியிலிருந்து ஒரே பைப்பில் தண்ணீர் வரும் வீட்டை நினைத்துக்கொள்ளலாம். குளித்துக்கொண்டிருக்கும்போது கீழே யாராவது பெரிய குழாயைத் திறந்தால் ஷவரில் தண்ணீர் மெலிந்துவிடும். தொட்டியில் தண்ணீர் குறையவில்லை. இருவருக்கும் பொதுவான பைப்பில் அழுத்தம் குறைந்திருக்கிறது.

மின்சாரத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். எந்த ஒயருக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு. அதன் வழியே போகும் கரன்ட் எவ்வளவு அதிகமோ, வழியில் இழக்கப்படும் வோல்டேஜும் அவ்வளவு அதிகம். கரன்ட்டை மின்தடையால் பெருக்கினால் இழப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பள்ளியில் படித்த ஓம் விதிதான், வேறொன்றும் இல்லை.

1,400 வாட் கட்டிங் மெஷின் ஓடும்போது சுமார் 6 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் மட்டும் அதைப் போல மூன்று, நான்கு மடங்கு இழுக்கலாம். கிணற்று மோட்டார், ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் போன்றவற்றில் இந்தத் தொடக்கக் கரன்ட் ஐந்து முதல் ஏழு மடங்கு வரைகூடப் போகும்.

கம்பத்திலிருந்து ஹால் வரைக்கும், போக வர, ஒயரின் மொத்த மின்தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் ஓடும்போது இழப்பு 3 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட் ஆகும்போது 20 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 10 வோல்ட். விளக்கு ஒருமுறை சிமிட்டும், அவ்வளவுதான்.

சிமிட்டல் வேறு, மங்கல் வேறு

முதலில் பார்க்க வேண்டியது நேரம். ஸ்விட்ச் போட்ட நொடியில் விளக்கு லேசாகச் சிமிட்டி உடனே சரியானால், பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இல்லை. மோட்டாரின் தொடக்க இழுப்பு அது.

மெஷின் ஓடுகிற நேரம் முழுக்க வெளிச்சம் குறைந்தே இருந்தால், ஒயர் மெலிதாக இருக்க வேண்டும் அல்லது எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் லைனே பலவீனமாகவும் இருக்கலாம்.

முன்பு இல்லாத மங்கல் இப்போது புதிதாக வந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. செம்புக் கம்பி தானாக மெலிந்துவிடாது. இணைப்புகள்தான் நாளாக நாளாகத் தளரும், கறுக்கும். ‘போன வருஷம் இதே மெஷினைப் போட்டப்ப இப்படி ஆகலையே’ என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

எந்த விளக்கு மங்குகிறது?

அடுத்த கேள்வி இது. விளக்குக்கும் மெஷினுக்கும் பொதுவான பாதை எது என்பதை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

• விளக்கு எதுவும் மங்கவில்லை, மெஷின் மட்டும் திணறுகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் ஒயர். மெலிதான ஒயர் போட்ட ஜங்ஷன் பாக்ஸில் பெரிய மெஷினைச் செருகினால் இழப்பு அந்த ஒயருக்குள்ளேயே நடக்கும். வீட்டு விளக்குக்குத் தெரியாது. ஆனால் ஒயரைத் தொட்டால் சுடும். சுருட்டிவைத்தபடியே பயன்படுத்தினால் இன்னும் மோசம், சூடு வெளியேற வழியில்லை.

• அந்த ஒரு ரூம் விளக்கு மட்டும் மங்குகிறது என்றால், அந்த ரூமுக்குப் போகும் சர்க்யூட்டில் பிரச்சினை. லைட் லைனிலிருந்தே பிளக் பாயிண்ட்டுக்கும் கரன்ட் எடுத்திருப்பார்கள். 5 ஆம்ப்ஸ் பாயிண்ட்டில் பெரிய மெஷினைச் செருகியிருப்பார்கள். அல்லது ஸ்விட்ச் போர்டுக்குள் ஒரு ஸ்குரூ தளர்ந்திருக்கும்.

• வீடு முழுக்க மங்குகிறது, பக்கத்து வீட்டில் ஒன்றும் இல்லை என்றால், டி.பி. பாக்ஸ், மெயின் ஸ்விட்ச், மீட்டர், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் ஆகியவற்றுக்கு நடுவில் எங்கோ கோளாறு.

• பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் மங்கினால்தான் அது உண்மையான லைன் பிரச்சினை. தெருவுக்கு வரும் கம்பியோ டிரான்ஸ்பார்மரோ பளுவைத் தாங்கவில்லை என்று அர்த்தம்.

‘ஏரியாவுல லோ வோல்டேஜ்’ என்று சொல்ல உரிமை உள்ளது இந்தக் கடைசி நிலையில் மட்டும்தான். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்காமல் அந்த முடிவுக்கு வரவே முடியாது.

ஒரு ஸ்குரூவுக்குள் சால்டரிங் அயர்ன்

தளர்ந்த இணைப்பை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டும்? கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும்.

மெயின் ஸ்விட்சில் ஒரு ஸ்குரூ தளர்ந்து, அந்த இடத்தில் மட்டும் 1 ஓம் மின்தடை உருவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டிங் மெஷின் 6 ஆம்பியர் இழுக்கும்போது அந்த ஸ்குரூவில் மட்டும் 6 வோல்ட் இழப்பு. விளக்கு கொஞ்சம் மங்கும். ஆனால் இழந்த அந்த மின்சாரம் எங்கும் போய்விடவில்லை. அதே இடத்தில் 36 வாட் சூடாக மாறுகிறது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 அல்லது 35 வாட்தான். ஈயத்தை உருக்கும் அந்தச் சூடு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு ஸ்குரூ முனையில் உட்கார்ந்திருக்கிறது.

அன்று இரவு ஏ.சி.யும் கீஸரும் சேர்ந்து ஓடி 16 ஆம்பியர் போனால்? சூடு கரன்ட்டின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 256 வாட். சூடு ஏறினால் இணைப்பு இன்னும் கறுக்கும், கறுத்தால் மின்தடை கூடும், கூடினால் சூடு ஏறும். இந்தச் சுழற்சி தானாக நிற்பதில்லை.

‘எம்.சி.பி. இருக்கே, டிரிப் ஆகிடுமே’ என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகாது. எம்.சி.பி. பார்ப்பது கரன்ட் அளவுக்கு மீறுகிறதா என்பதை மட்டும். தளர்ந்த இணைப்பில் கரன்ட் அளவுக்குள்தான் இருக்கும். ஷாக் அடிக்காமல் காப்பாற்றும் ஆர்.சி.சி.பி.யும் மின்கசிவு இருந்தால்தான் டிரிப் ஆகும். ஆக, பாதுகாப்புக் கருவிகள் எதுவும் கண்டுகொள்ளாத ஒரு கோளாறை, மங்கும் விளக்கு மட்டும் காட்டிக்கொடுக்கிறது.

ஒரு ரூமில் மங்கல், இன்னொரு ரூமில் ‘பளிச்’

இது எல்லாவற்றையும்விட அவசரமான நிலை. மெஷின் போட்டதும் ஹால் விளக்கு மங்கி, பெட்ரூம் விளக்கு வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால், வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு மெயினை ஆஃப் செய்ய வேண்டும். காரணம், நியூட்ரல்.

த்ரீ ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். நியூட்ரல் தளர்ந்தாலோ விட்டுப்போனாலோ, இரு ஃபேஸ்களில் உள்ள சாதனங்கள் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. ஒரு ஃபேஸில் பெரிய மெஷின், இன்னொன்றில் டி.வி.யும் இரண்டு எல்.இ.டி.யும் என்றால், பெரும்பகுதி வோல்டேஜ் டி.வி. பக்கம் போய்விடும். ‘ஒரே நாள்ல டி.வி., ஃபிரிட்ஜ், ரூட்டர் எல்லாம் போச்சு’ என்று கேள்விப்படும் கதைகளில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்காரர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. கம்பத்தில் உள்ள பொது நியூட்ரல் விட்டுப்போனால், வேறு ஃபேஸில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் மெஷின் இந்த வீட்டு டி.வி.யைப் பதம் பார்த்துவிடும்.

எல்.இ.டி. வந்தது, எச்சரிக்கை மறைந்தது

பழைய குண்டு பல்பு மின்சாரத்தை வீணடித்தது உண்மை. ஆனால் வோல்டேஜ் விஷயத்தில் அது பொய் சொன்னதே இல்லை. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் அதன் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். வீட்டில் உள்ள அனைவருக்கும் தெரியும்.

2015 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் ‘உஜாலா’ திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் விநியோகிக்கப்பட்டன. மின்சாரச் செலவு குறைந்தது நல்ல விஷயம். ஆனால் நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி., வோல்டேஜ் கணிசமாகக் குறைந்தாலும் அதே வெளிச்சத்தைத் தரும். மலிவான எல்.இ.டி.கள் மங்கும், துடிக்கும். அதைப் பார்த்து ‘பல்பு சரியில்லை’ என்று நல்ல பல்பாக மாற்றிவிடுவார்கள். விளக்கு சரியாகிவிடும், கோளாறு அப்படியே இருக்கும்.

அதனால் இன்றைய வீட்டில் விளக்கை மட்டும் நம்ப முடியாது. ஃபேன் வேகம் குறைகிறதா, ஸ்விட்ச் போர்டு வெதுவெதுப்பாக இருக்கிறதா, ‘கிர்ர்’ என்று சத்தம் வருகிறதா, பிளாஸ்டிக் கருகும் வாடை அடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்.இ.டி. போட்ட வீட்டிலும் மெஷின் ஓடினால் எல்லா விளக்கும் மங்குகிறது என்றால், பிரச்சினை சின்னதாக இருக்க வாய்ப்பு குறைவு.

“ஸ்டெபிலைசர் போட்டா சரியாயிடும் தம்பி”

அடிக்கடி கிடைக்கும் அறிவுரை இது. கம்பத்திலிருந்தே வோல்டேஜ் குறைவாக வரும் தெருவில், ஃபிரிட்ஜையும் ஏ.சி.யையும் காப்பாற்ற ஸ்டெபிலைசர் உதவும். தளர்ந்த இணைப்புக்கு அது மருந்தே கிடையாது. உள்ளே வரும் வோல்டேஜ் குறைந்தால், வெளியே 230 தருவதற்காக ஸ்டெபிலைசர் கூடுதல் கரன்ட்டை இழுக்கும். அந்தக் கரன்ட்டும் அதே தளர்ந்த ஸ்குரூ வழியாகத்தான் வர வேண்டும். காய்ச்சல் உள்ளவருக்கு கம்பளி போர்த்திவிட்டு ஓடச் சொல்வது போலத்தான்.

இன்னொரு பழக்கம், ‘ஃபேஸ் மாத்திப் போடு’. த்ரீ ஃபேஸ் வீடுகளில் வெளிச்சம் குறைந்ததும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்சைத் திருப்பி எல்லாப் பளுவையும் ஒரே ஃபேஸுக்குக் கொண்டுபோவார்கள். தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் அதையே செய்தால், நன்றாக இருந்த அந்த ஃபேஸும் சரிந்துவிடும். அன்றைய பொழுதை ஓட்ட அது உதவலாம். ஆனால் காரணத்தைத் தேட வேண்டிய அவசியம் தள்ளிப்போய்விடுகிறது.

அயர்ன் பாக்ஸ் போதும்

கோளாறின் அளவைத் தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. பிளக்கில் செருகினால் வோல்டேஜைக் காட்டும் சிறிய மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை ஒரு பாயிண்ட்டில் செருகிவிட்டு, அதே போர்டில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸை ஆன் செய்ய வேண்டும். அயர்ன் பாக்ஸுக்கு மோட்டார் கிடையாது. ஸ்டார்ட்டிங் இழுப்பு இல்லாமல், சூடாகும் வரை சீராக 4 ஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும்.

ஆன் செய்ததும் வோல்டேஜ் 2 முதல் 4 வோல்ட் வரை இறங்கினால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 8, 10 வோல்ட் என்று இறங்கினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. லைன் வோல்டேஜ் தானாகவும் ஏறி இறங்கும் என்பதால் மூன்று, நான்கு முறை ஆன், ஆஃப் செய்து பார்ப்பது நல்லது. இதையே ஒவ்வொரு ரூமிலும் செய்தால், எந்த சர்க்யூட்டில் சிக்கல் என்பது தெரிந்துவிடும். எல்லா ரூமிலும் ஒரே மாதிரி இறங்கினால், தேட வேண்டியது மெயின் பக்கம்.

இத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு போர்டைத் திறப்பது யூடியூப் பார்த்துச் செய்யும் வேலை இல்லை. மெயினை ஆஃப் செய்தாலும் மெயினுக்கு வந்து சேரும் ஒயரில் கரன்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.

யார் பொறுப்பு?

மீட்டருக்குப் பிறகு உள்ள ஒயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. கம்பத்திலிருந்து மீட்டர் வரை ஈ.பி. பொறுப்பு. மீட்டர் சீலை உடைத்து உள்ளே பார்க்க எந்தத் தனியார் எலக்ட்ரீஷியனுக்கும் உரிமை இல்லை. வெளிப்புறம் அலுமினிய ஒயரும் உள்ளே செம்பு ஒயரும் சேரும் இடங்கள் சீக்கிரம் கறுக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். அந்த இணைப்புகளைச் சரிசெய்வது மின்வாரிய ஊழியரின் வேலை. தமிழகம் முழுமைக்குமான ‘மின்னகம்’ சேவை எண் 94987 94987. 2021 ஜூன் முதல் செயல்பாட்டில் இருக்கிறது.

புகாரைச் சொல்லும் விதமும் முக்கியம். ‘சார், லோ வோல்டேஜா இருக்கு’ என்றால் அது நூற்றில் ஒரு புகார். ‘இரவு 8 மணிக்கு 198 வோல்ட், அயர்ன் பாக்ஸ் போட்டா 186, பக்கத்து வீட்டுல 225 இருக்கு’ என்றால் கம்பத்தில் ஏறும் ஊழியருக்கே எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், வீட்டு இணைப்புகளுக்கு 6 சதவீத ஏற்ற இறக்கத்தை எல்லையாக வைத்தன. 230 வோல்ட்டுக்கு அது சுமார் 216 முதல் 244 வரை. நல்ல வோல்டேஜ் சலுகை இல்லை, நுகர்வோர் காசு கொடுத்து வாங்கும் பொருளின் தரம். புகாருக்குப் பதில் இல்லையென்றால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தை நாடலாம்.

மின்வாரியத்தை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. இரண்டு ஃபேன், நான்கு பல்பு காலத்தில் போட்ட ஒயரில் இன்று ஏ.சி., கீஸர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஓடுகின்றன. ஏ.சி. வாங்கும்போது பிராண்டைப் பற்றி ஒரு வாரம் யோசிப்பவர்கள், அதற்குத் தனி ஒயர் இழுப்பதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. மின்பளுவை உயர்த்தி வாங்குவதும் தள்ளிப்போகிறது.

வாடகை வீட்டில் நிலைமை இன்னும் சிக்கல். அக்ரிமென்ட்டில் பெயின்ட்டுக்கு எவ்வளவு கழிப்பது என்று எழுதியிருக்கும். ஒயரிங்கை யார், எப்போது சோதிப்பது என்று இருக்காது. குடியிருப்பவர் சொன்னால், “உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க ஒண்ணும் சொல்லலையே” என்பதுதான் பல ஹவுஸ் ஓனர்களின் பதில். தளர்ந்த இணைப்பு ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. முன்பு இருந்தவர் காலத்தில் அது கெட ஆரம்பித்திருக்கும், அவ்வளவுதான்.

அபார்ட்மென்ட் சங்கங்களும் யோசிக்க வேண்டும். லிஃப்ட்டுக்கு வருடாந்திரப் பராமரிப்பு உண்டு. சம்ப் கழுவ நாள் குறிக்கிறார்கள். மீட்டர் போர்டு ரூமில் இணைப்புகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று வருடத்துக்கு ஒருமுறை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, ஃபிளாட்டுகளுக்குப் பங்கிட்டால் ஒரு பீட்சா விலைகூட வராது.

மீண்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலைக்கே வரலாம். கார்பென்டர் மெஷினை ஆன் செய்கிறார், விளக்கு மங்குகிறது. “ஒரு நிமிஷம் நிறுத்துங்கண்ணா” என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அங்கே விளக்கு மங்கவில்லை. அப்படியென்றால் கோளாறு இந்த வீட்டின் இணைப்பில்தான். அன்றைக்கு கப்போர்டு வேலை நின்றாலும் பரவாயில்லை. முதலில் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போக வேண்டும். டீ அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.